தாங்கும் சூடு

மே 5, திங்கள்

அண்ணியின் ஏசியை என் அண்ணன் திருடிக்கொண்டான். இதற்கு இதைவிட நாகரிகமான சொல் கிடையாது.

அண்ணியின் அப்பா மாசிலாமணி குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்கிறவர். போன வருடம் கல்யாணச் சீராக அவர் அனுப்பிய ஏசி அது. அண்ணி நேற்று அரசு ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளை பெற்று வந்தாள். ஆண் குழந்தை. ஆட்டோவிலிருந்து இறங்கியவளுக்கு அம்மா ஆரத்தி சுற்றினாள். பிறகு அவளுடைய சொந்த அறையைத் தாண்டிச் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறைக்குக் கூட்டிப்போனாள். அரிசி டிரம்மும் காலி சிலிண்டரும் இருக்கிற அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும்.

"முப்பது நாளைக்கு இங்கதான். பச்ச உடம்பு. ஏசி காத்து ஒரு தபா பட்டுச்சுன்னா ஜன்னி கண்டுடும்" என்றாள் அம்மா.

"டாக்டர் ஃபேன் போட்டுக்கலாம்னுதான் சொன்னாங்க அத்தை."

"டாக்டரம்மா வந்தா உன்ன பாத்துக்கப் போறா?"

தலைப்பிரசவம் பெண் வீட்டில்தான் நடக்கவேண்டும். அண்ணிக்கு அம்மா இல்லை. அவள் அப்பா இரண்டாவதாகக் கட்டிய சித்தி போனிலேயே சொல்லிவிட்டாள், இங்கே வசதிப்படாது என்று. ஆகவே பிரசவமும் எங்கள் பொறுப்பில், பத்தியமும் எங்கள் வீட்டில்.

நேற்று கத்திரி வெயில் தொடங்கியது. வேலூரில் கத்திரி என்றால் சுற்றியிருக்கும் மலைகளும் சேர்ந்து வேகும். காலியான ஏசி அறையில் அண்ணன் யுவராஜ் லேப்டாப்போடு போய்ப் படுத்துக்கொண்டான். அதில் அவனுக்கு வெட்கம் ஒன்றும் தெரியவில்லை.

மே 6, செவ்வாய்

ஜனவரியில் அண்ணனுக்கு வேலை போனது. அதிலிருந்து துப்பாக்கிச் சண்டை விளையாட்டுதான் அவன் வேலை. கேலியாகச் சொல்லவில்லை, நன்றாகவே ஆடுகிறான். சென்னையில் ஓர் அணிக்கு ஐந்தாவது ஆள் வேண்டுமாம். அவர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். பதினைந்தாம் தேதி முதல் ஆட்டம், பத்தொன்பதாம் தேதி கடைசி ஆட்டம். எடுத்தால் மாதச் சம்பளம், சென்னையில் தங்குமிடம்.

பிரச்சினை லேப்டாப். விளையாட்டுக்கென்றே செய்த லேப்டாப்தான், ஆனால் வயதாகிவிட்டது. கொஞ்ச நேரம் ஆடியதும் சூடு தொண்ணூற்றேழு டிகிரியைத் தொடுகிறது. தொட்டவுடன் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. திரை திக்குகிறது. எதிரி சுட்ட பிறகுதான் எதிரி தெரிகிறான்.

"இன்னாடா இது, மாட்டு வண்டி மாதிரி போவுது?" என்றான் அண்ணன்.

"சிப்பு தன்னைக் காப்பாத்திக்குது. இல்லன்னா எரிஞ்சுடும்."

"அது ஒண்ணும் காப்பாத்திக்க வேணாம். நீ ஓவர்க்ளாக் பண்ணு. இருக்கிறதவிட ஏத்து."

"சூட்ட எறக்காம ஏத்த முடியாதுண்ணா."

"அப்ப எறக்கு. நீதான என் என்ஜினியரு. நான் உள்ள போனா உன்னையும் கூட்டிக்கினு போறேன். அவங்களுக்கு மிஷின் பாத்துக்க ஆள் வேணும்."

எனக்கு என்ஜினியரிங்கில் மூன்றாம் ஆண்டு முடிந்திருக்கிறது. எத்தனை பாடம் பாக்கி என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

மே 7, புதன்

லேப்டாப்பின் அடிப்பக்கத்தைக் கழற்றினேன். உள்ளே இரண்டு காற்றாடிகள், இரண்டிலும் பஞ்சு போலத் தூசி. தூரிகையால் எடுத்தேன். சிப்புக்கும் செப்புத் தகட்டுக்கும் நடுவில் தடவியிருந்த பசை காய்ந்து உதிர்ந்தது. ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுப் புதுப் பசையை ஒரு பயறு அளவு வைத்து மூடினேன். சிப்புக்குப் போகும் மின்னழுத்தத்தையும் மென்பொருளில் கொஞ்சம் குறைத்தேன். குறைத்தால் சூடு குறையும், வேகம் குறையாது. ஆனால் அளவு தெரியவேண்டும். அதிகம் குறைத்தால் திரை நீலமாகி நின்றுவிடும்.

தொண்ணூறு. ஏழு டிகிரி இறங்கிவிட்டது.

அண்ணன் என் தலையில் ஒரு தட்டு தட்டினான். அவன் சந்தோஷப்பட்டால் அப்படித்தான்.

சின்ன அறையிலிருந்து அண்ணி கூப்பிட்டாள். வாசலில் நின்றேன், தீட்டு என்று அம்மா உள்ளே விடுவதில்லை. தலையில் துணி கட்டி, காதில் பஞ்சு வைத்து, கழுத்து வரை போர்த்தியிருந்தாள். குழந்தை பக்கத்தில். அறை முழுக்கச் சாம்பிராணிப் புகை.

"தம்பி, இந்த ஃபேன் ஏன் ஓட மாட்டேங்குது? சுவிட்ச் போட்டுதான் இருக்கு."

ரெகுலேட்டரைத் திருப்பும் திருகு இல்லை. சுவரில் வெறும் குச்சி மட்டும் நின்றது. அம்மாவிடம் கேட்டேன். முந்தானையைத் தட்டிக் காட்டினாள். முடிச்சுக்குள் இருந்தது.

"போட்டு வுட்டுடுவா. எனக்குத் தெரியாதா? உன்ன பெத்தப்ப எங்க மாமியார் ஜன்னல்ல சாக்கு மாட்டுனாங்க. நான் செத்தா பூட்டேன்?"

இந்தப் பெண்கள் இப்படித்தான். தாங்கள் பட்டதை அடுத்தவளுக்குச் சீராக அனுப்புவார்கள். நம் சமூகத்தில் கொடுமைக்கு வாரிசுச் சான்றிதழ் தேவையில்லை, தானாகவே கைமாறும். இதையெல்லாம் எவன் கேட்கிறான்?

மே 8, வியாழன்

நான் கேட்டேன். ஹாலில் இருந்த மேசை விசிறியை எடுத்துக்கொண்டுபோய் அண்ணி அறையில் வைத்தேன். அம்மா கத்தினாள். நேராகக் காற்று படாமல் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தால் ஜன்னி வராது என்று நானே ஒரு விஞ்ஞானம் சொன்னேன். என்ஜினியர் சொன்னால் அம்மா கேட்பாள். சரி என்றாள்.

அண்ணி அழுதுவிட்டாள். "நல்லா இருப்ப தம்பி" என்றாள்.

பெரிய விஷயமில்லை. யாராவது செய்யவேண்டும், அவ்வளவுதான்.

மே 9, வெள்ளி

லேப்டாப்பின் பின்பக்கத்தைத் தூக்கி நான்கு குளிர்பானப் புட்டி மூடிகளை அடியில் வைத்தேன். காற்று உள்ளே போக வழி கிடைத்தது. எண்பத்தெட்டு.

மே 10, சனி

ஓவர்க்ளாக் தொடங்கினேன். திரைச் சித்திரத்தைப் போடும் சிப்பின் வேகத்தைப் படிப்படியாக ஏற்றவேண்டும். ஏற்று, ஆடிப் பார், மறுபடி ஏற்று. திரையில் பச்சைப் புள்ளிகள் தெறித்தால் அது கெஞ்சுகிறது என்று அர்த்தம், ஒரு படி பின்வாங்கவேண்டும். மதியம் முழுக்க அதே வேலை. வேகம் ஏறியது. கூடவே சூடும் ஏறியது. தொண்ணூற்றைந்து.

"வெளியிலிருந்து காத்தடிச்சா இன்னும் எறங்கும்" என்று அண்ணனிடம் சொன்னேன். அது ஒரு தகவல். தகவலாகத்தான் சொன்னேன்.

மே 11, ஞாயிறு

மேசை விசிறி அண்ணன் அறைக்கு வந்தது. லேப்டாப்பின் பின்பக்கம் நேராகக் காற்று. ஏசியைப் பதினெட்டில் வைத்தோம். எழுபத்தொன்பது! இந்த லேப்டாப் வாங்கிய நாளிலிருந்து இந்த எண்ணைப் பார்த்ததில்லை.

வெயில் கொடுமை. தெருவில் நாய்கள்கூட இல்லை.

மே 13, செவ்வாய்

கிராம சுகாதார நர்ஸ் குழந்தையைப் பார்க்க வந்தார். தெருமுனையில் அவருடைய ஸ்கூட்டி சத்தம் கேட்டதுமே அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, திருகை மாட்டி, விசிறியை ஓடவிட்டாள். இவ்வளவு வேகமாக அவள் நடந்து நான் பார்த்ததில்லை.

நர்ஸ் உள்ளே போனதும் மூக்கைச் சுளித்தார். "ஏம்மா, ஜன்னல ஏன் சாத்தி வெச்சிருக்கீங்க? புகை வேற போட்டிருக்கீங்க. இது அறையா, அடுப்பா?"

"இப்பதான் மேடம் சாத்துனேன். புழுதி அடிக்குது."

"தண்ணி நெறைய குடிக்கிறியாமா? பால் குடுக்கிறவ சும்மா குடிச்சிக்கிட்டே இருக்கணும்."

அண்ணி அம்மாவைப் பார்த்தாள். அம்மா சிரித்தாள். "அதெல்லாம் செம்பு செம்பா குடிக்கிறா."

பொய். வேளைக்கு ஒரு டம்ளர் வெந்நீர். அதற்குமேல் குடித்தால் வயிறு வைத்துக்கொள்ளும் என்பது அம்மாவின் சட்டம்.

போகும்போது நர்ஸ் என்னிடம் நின்றார். "தம்பி, நீ படிக்கிற பையன்தான? இந்த வெயில்ல அந்தப் பொண்ணுக்குக் காத்து வேணும், தண்ணி வேணும். பெரியவங்க சொன்னா கேக்க மாட்டாங்க. நீ பாத்துக்க."

"சரிங்க மேடம்" என்றேன்.

ஸ்கூட்டி திரும்பியதும் திருகு முடிச்சுக்குள் போய்விட்டது. இந்த நாட்டில் அரசாங்கம் ஒரு வீட்டுக்குள் இருக்கும் நேரம் அவ்வளவுதான்.

மே 14, புதன்

அண்ணிக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தேன். அம்மா அதை அவள் தலையணைக்கடியில் கண்டுபிடித்துவிட்டாள்.

"எவன்டி குடுத்தான்?"

"நானேதான் எடுத்தேன் அத்தை."

"வயிறு பானையாட்டம் ஆவட்டும், அப்ப தெரியும். எம் புள்ள வேற பொண்ணு பாத்துக்குவான்."

நான் அப்போது சமையலறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அண்ணி என்னைப் பார்க்காமல் சொன்னது எனக்கு மரியாதையாகப் பட்டது. அவள் நல்லவள். இந்த வீட்டுக்கு வந்திருக்கக்கூடாது.

மே 15, வியாழன்

முதல் ஆட்டம். லேப்டாப் ஒருமுறைகூடத் திக்கவில்லை. எண்பத்தொன்றைத் தாண்டவில்லை. அண்ணன் இருபத்திரண்டு பேரைச் சுட்டான். சென்னை ஆட்கள் காதுபேசியில் கத்தியது எனக்கே கேட்டது. "ப்ரோ, செம்ம ப்ரோ!"

அண்ணன் என்னைத் தூக்கிச் சுற்றினான். பிரியாணி வாங்கிவந்தோம். ஏசி அறையில் மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அம்மா காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "இங்க ஊட்டி மாதிரி கீதுடா" என்றாள். மூவரும் சிரித்தோம்.

அண்ணிக்குப் பூண்டுக் குழம்பும் சுட்ட கருவாடும். வாசம் வந்திருக்கும். கதவு சாத்தியிருந்தாலும் பிரியாணி வாசம் போகும்.

மே 16, வெள்ளி

வீட்டில் ரகளை. அண்ணி கொல்லைப்பக்கக் குழாயடிக்குப் போய் ஒரு வாளித் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொண்டாள். அம்மா ஓடிப்போய் முடியைப் பிடித்து இழுத்துவந்தாள்.

"சாவணும்னு நெனச்சிக்கினு கீறியா? ஜன்னி வந்தா புள்ளய யாரு பாப்பா?"

"ஒடம்பெல்லாம் எரியுது அத்தை. அந்த ரூம்ல முடியல. வேணாம், ஏசி வேணாம். ஹால்ல படுத்துக்கறேன். ஹால் ஃபேன் போதும்."

"தீட்டோட நடு ஹால்லயா? பூஜ மாடம் கீற எடத்துலயா?"

அண்ணி அண்ணனைக் கூப்பிட்டாள். அவன் காதுபேசியை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கினான்.

"என்னங்க, நீங்க சொல்லுங்க."

"இன்னும் மூணு நாள்டி. மேட்ச் முடியட்டும். உனக்காகத்தான இவ்ளோவும்? சென்னைக்குப் போனா உனக்கு ரெண்டு ஏசி மாட்றேன், ஒண்ணு தலைமாட்டுல, ஒண்ணு கால்மாட்டுல."

அவனுடைய ஜோக்குக்கு அவனே சிரித்தான். ஆண்கள் பெண்களுக்குக் கொடுப்பதெல்லாம் எதிர்காலத்தில்தான். நிகழ்காலத்தை அவர்களே வைத்துக்கொள்வார்கள்.

பிறகு அண்ணி என் பக்கம் திரும்பினாள். "நீயாவது அந்த டேபிள் ஃபேன திருப்பிக் குடு தம்பி. நான் தூங்கிக்கினு இருந்தப்ப எடுத்துட்டுப் போன. நான் பாத்தேன். எதுவும் கேக்கல."

அவளுக்குக் காய்ச்சல் இருந்திருக்கும் போல.

மே 17, சனி

மதியத்தில் மின்னழுத்தம் குறைகிறது. ஸ்டெபிலைசர் டக் டக்கென்று அடித்து ஏசியை நிறுத்துகிறது. ஏசி நின்றால் லேப்டாப் உடனே எண்பத்தொன்பது. திங்கட்கிழமை இப்படி ஆனால் எல்லாம் போச்சு. மோட்டார், ஃப்ரிட்ஜ், ஹால் விசிறி எல்லாவற்றையும் அன்று மதியம் அணைத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மே 18, ஞாயிறு

ஒரு நல்ல செய்தி. அண்ணிக்குப் பழகிவிட்டது என்று நினைக்கிறேன். முந்தாநாள் வரை தலையணை ஈரமாகும் அளவுக்கு வேர்த்துக் கொட்டியது. இன்று எட்டிப் பார்த்தேன், வேர்வையே இல்லை. தோல் உலர்ந்து முகம் சிவந்து பளபளவென்று இருந்தது. சண்டையும் போடவில்லை. "சாப்பிட்டீங்களா அண்ணி?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு "ம்" என்றாள். கேள்வி உள்ளே போய்த் திரும்பிவர நேரமாகிறது. தூக்கக் கலக்கம்.

குழந்தையை அம்மா ஏசி அறையில் போட்டுக்கொள்கிறாள். வேர்க்குரு வந்துவிட்டதாம்.

கடைசிச் சோதனை ஓட்டம் முடித்தேன். வேகத்தை இன்னும் ஒரு படி ஏற்றினேன். எழுபத்தெட்டு. இதற்குமேல் இந்த இயந்திரத்திடமிருந்து யாராலும் வாங்கமுடியாது. தயார்.

மே 20, செவ்வாய்

நேற்று எழுதமுடியவில்லை.

ஆட்டம் மூன்று சுற்று. முதல் சுற்று ஜெயித்தார்கள். இரண்டாவது நடந்துகொண்டிருந்தபோது அம்மா கதவைத் தட்டினாள். நான்தான் திறந்தேன்.

"டேய், அவ என்னன்னவோ பேசறாடா. அவங்க அம்மா வந்துக்கீறாங்கன்றா. செத்தவள கூப்புட்டுக்கினு கீறா."

போய்ப் பார்த்தேன். அண்ணி கூரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். "பஸ்ஸு வந்துடுச்சு, ஏறு, ஏறு" என்றாள். கை விரல்கள் போர்வையைப் பிய்த்தன. நெற்றியைத் தொட்டேன். தொட்ட கையை எடுத்துவிட்டேன்.

"ஜன்னிதான். வெள்ளிக்கெழம ஊத்துன தண்ணி எறங்கிடுச்சு" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஓடிப்போய்க் கம்பளியை எடுத்துவந்தாள். அதைப் போர்த்தி, கால் பக்கம் செருகி, ஜன்னல் இடுக்கில் துணி அடைத்தாள். உள்ளங்காலில் பூண்டும் எண்ணெயும் சேர்த்துச் சூடு பறக்கத் தேய்த்தாள். இரும்புச் சட்டியில் நெருப்பு கொண்டுவந்து கட்டிலுக்கடியில் வைத்தாள். அம்மா அழுதுகொண்டேதான் இதையெல்லாம் செய்தாள். அதையும் எழுதவேண்டும், அவள் அழுதாள்.

நான் அண்ணனிடம் ஓடினேன், அதற்குள் மூன்றாவது சுற்று தொடங்கியிருந்தது. "அண்ணா, அண்ணிக்கு ரொம்ப முடியல."

அவன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கடைசி ரவுண்டு. அம்மா பாத்துக்குவாங்க. விசிறி லேசா நகந்துடுச்சு பாரு, நேரா வை."

நேராக வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து ஸ்டெபிலைசர் அடித்தது. யாரோ ஹால் விசிறியைப் போட்டிருந்தார்கள், அம்மாவாக இருக்கும், பதற்றத்தில். போய் அணைத்தேன். திரும்பி வந்து சூட்டைப் பார்த்தேன். எண்பத்து நான்கு, இறங்கிக்கொண்டிருந்தது. ஆட்டம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

ஜெயித்தார்கள்.

பிறகுதான் ஆட்டோ. அண்ணனும் நானும் தூக்கினோம். கம்பளியோடு தூக்கச் சொன்னாள் அம்மா, வெளிக்காற்று படக்கூடாதாம். அண்ணிக்கு வழியில் வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அந்தக் கம்பளியை இழுத்துத் தரையில் எறிந்தார். உடம்பு முழுக்க ஈரத்துணி, அக்குளில் ஐஸ், மேலே இரண்டு விசிறி. வெப்பமானியைப் பார்த்த டாக்டர் இன்னொன்று கொண்டுவரச் சொன்னார். இரண்டிலும் நாற்பத்திரண்டு, ஃபாரன்ஹீட்டில் நூற்றேழுக்கும் மேல்.

மே 22, வியாழன்

டாக்டர் அண்ணனையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டார். என் வயதைவிடப் பத்து வயது அதிகமிருக்கும், அவ்வளவுதான்.

"ஜன்னின்னு எழுதிக் குடுக்கச் சொல்லி உங்கம்மா வெளிய சொல்றாங்களாம். ஜன்னியும் இல்ல, மனநோயும் இல்ல. வெயில் அடிச்சிருக்கு. வீட்டுக்குள்ளயே படுக்க வெச்சு வெயில் அடிக்க விட்டிருக்கீங்க. காத்து இல்ல, தண்ணி இல்ல, அதுக்கு மேல கம்பளி. சூடு மூளைய தொட்டுடுச்சு. உயிர் தப்பும். பேச்சும் நடையும் எவ்ளோ திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது." எங்களை மாறி மாறிப் பார்த்தார். "அந்த ரூம்ல ஃபேன் இல்லையா?"

"லோ வோல்டேஜ் சார்" என்றான் அண்ணன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு அவருடைய சட்டைப்பையில் இருந்த பேனா ஞாபகமிருக்கிறது. நீல மூடி.

மே 24, சனி

அண்ணனை எடுத்துக்கொண்டார்கள். ஜூன் பத்தாம் தேதி சென்னைக்கு வரவேண்டும். எனக்கும் இடம் இருக்கிறது, தங்கவும் சாப்பிடவும் அவர்கள் பொறுப்பு.

மே 29, வியாழன்

அண்ணியை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு இல்லை. மாசிலாமணி காரில் குடியாத்தம் கூட்டிப்போனார். கொஞ்சநாள் அங்கே ஓய்வெடுக்கட்டும் என்று அம்மாவே ஏற்பாடு செய்தாள். குழந்தை இங்கே. மாவுப்பால் குடிக்கிறது, புட்டியைப் பார்த்தாலே காலை உதைக்கிறது.

அம்மா இப்போது தெருவில் எல்லோரிடமும் சொல்லும் கதை இது: மருமகள் சொல்பேச்சு கேட்காமல் தலைக்கு ஊற்றிக்கொண்டாள், ஜன்னி கண்டுவிட்டது, புத்தி பிசகிவிட்டது. கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுகிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா தன் மகளுக்கு இதையே பாடமாகச் சொன்னது சுவர் வழியாகக் கேட்டது. "பாத்தியாடி, ஃபேன் ஃபேன்னு உயிர வாங்குனியே."

கத்திரி நேற்றோடு முடிந்தது.

ஜூன் 3, செவ்வாய்

லேப்டாப்பைச் சென்னைக்குக் கட்டினேன். அங்கே வேறு இயந்திரம் தருவார்களாம், இருந்தாலும் அண்ணன் இதைத்தான் ராசி என்கிறான்.

ஜூன் 8, ஞாயிறு

மாசிலாமணி வந்தார். அவருடைய தம்பியும் வந்தார். நடுவில் அண்ணி, இரண்டு பேரும் பிடித்து நடத்திவந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவள் இடது கை மடியில் ஆடிக்கொண்டே இருந்தது. அதை வலது கையால் பிடித்துவைத்துக்கொண்டாள்.

"எம்... புள்ளய... குடுங்க" என்றாள். ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைப்பது மாதிரி எடுத்தாள்.

அம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் நின்றாள், வாசற்படிக்கு அந்தப் பக்கம். "குடுக்க மாட்டேன்னு யாரு சொன்னா? உடம்பு தேறட்டும். கையே நிக்கல, தூக்குனா கீழ போட்டுடுவா. ஜன்னி கண்டவ, திரும்ப எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? ராத்திரில புள்ள கழுத்த நெரிச்சுட்டா? நீங்களே சொல்லுங்க சம்பந்தி, பெரியவங்க நீங்க."

மாசிலாமணி லுங்கி நுனியைச் சுருட்டினார், பிரித்தார். "அவங்க சொல்றதுலயும்... சின்னக் கொழந்தை பாரு" என்று இழுத்தார். அவருக்கும் இதில் ஒரு நிம்மதி. குழந்தையும் வந்தால் வீட்டில் இருக்கிறவள் என்ன சொல்வாளோ. அந்த முகத்தை நான் படித்துவிட்டேன். இந்த ஊரில் ஒரு பெண்ணுக்கு இரண்டு வீடு என்பார்கள். இரண்டிலும் கதவுதான் இருக்கிறது.

அவர் தம்பிதான் கொஞ்சம் ரோஷமாகக் கேட்டார். "டாக்டர் இன்னா சொன்னாரு? ஜன்னின்னா சொன்னாரு?"

"ஆமாங்க மாமா" என்றான் அண்ணன். போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மூளைய பாதிச்சிருக்குன்னாரு."

அண்ணி தலையை மெல்ல ஆட்டினாள். இல்லை என்றுதான் ஆட்டினாள், ஆனால் தலை நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. அம்மா கண்ணால் மாசிலாமணிக்கு அதைக் காட்டினாள்.

பிறகு அண்ணி என்னைத் தேடினாள். நான் கதவோரம் நின்றிருந்தேன். கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரமானது.

"தம்பி... நீ கூட... இருந்த. டாக்டர்... சொன்னது... கேட்ட. நீ சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணன் அப்போதுதான் போனைக் கீழே வைத்தான். குழந்தை சிணுங்கியது, அம்மா முதுகில் தட்டினாள். மாசிலாமணியின் தம்பி, "சொல்லுப்பா, படிச்ச பையன் நீ. நீ சொன்னா சரி" என்றார்.

என் பையில் செவ்வாய்க்கிழமை காலை ரயிலுக்கான டிக்கெட் இருந்தது.

அண்ணி நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள். யாரையும் பிடிக்கவிடவில்லை. ஓர் அடி வைத்தாள், இன்னோர் அடி வைத்தாள். எனக்கு எதிரே வந்து நின்றாள்.

"எனக்கு... பைத்தியமா? இவங்ககிட்ட... சொல்லு. என்ன... பண்ணாங்க... எனக்கு? சொல்லு தம்பி."

ஹாலில் விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லு" என்றாள்.